அறுநூற்று நாற்பது காலடி

ஸ்காபரோ, கனடா
20 ஜனவரி 1985

நெடுமணல் பேரரசின் பட்டத்து ராணியும் என் ஒரே அக்காவின் ஒரே மகளுமாகிய பரிமளத்துக்கு,

வட துருவத்துக்கு இரண்டு முழம் கீழே, பதினேழாம் மாடியில், ஒரு சட்டைக்கு மேல் ஆறு சட்டை போட்டுக்கொண்டு உன் மாமன் வீரக்குட்டி எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். மூக்கு மட்டும் போன வியாழக்கிழமை பஸ் தரிப்பிடத்தில் கழன்று விழுந்துவிட்டது. பொறுக்கி ஒட்டிக்கொண்டேன்.

உன் கடிதம் ஐந்து வாரம் அலைந்து வந்து சேர்ந்தது. ஊரை விட்டு எழும்ப ஆமிக்காரர் அரை மணித்தியாலம் தந்தார்கள் என்று எழுதியிருந்தாய். இப்போது கடலுக்கும் களப்புக்கும் நடுவே அந்த மணல் நாக்கில் எழுபத்து மூன்று குடும்பங்கள் கிடுகுக் கூரைக்குக் கீழே இருப்பதாகவும் எழுதியிருந்தாய். வாசித்துவிட்டு நான் முழுதாக ஒரு மணித்தியாலம் வாய் திறக்கவில்லை. அறையில் கூட இருக்கும் பத்மநாதன் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

நெடுமணலை எனக்குத் தெரியும். ஐயாவோடு தோணியில் போகும்போது பார்த்திருக்கிறேன். மரமில்லை, புல்லில்லை. காகம்கூட அதைக் கடக்கிறதென்றால் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டுதான் பறக்கும். சகாராவின் இலங்கைக் கிளை. போயும் போயும் அதற்கு நீ ராணியாகிவிட்டாய்.

என் பதவியையும் கேள். அரசாங்கக் கச்சேரியில் இருபத்திரண்டு வருடம் பைல் புரட்டிய இந்தக் கை, இப்போது இந்த நகரத்தின் பெரிய நூலகம் ஒன்றில் துடைப்பம் பிடிக்கிறது. தரை மன்னன் வீரக்குட்டி. ஐந்து மாடி, நாற்பதாயிரம் மைல் தரை. கிளடிஸ் என்ற ஜமேய்க்காக்காரி எனக்கு மேலதிகாரி. அவள் வருகிற சத்தம் கேட்டால் தூசி தானாக எழும்பி வரிசையில் நின்று வெளியே போகும்.

இங்கே பனி இருபது அடி. இதைக் கேட்டதும் அக்கா என்ன செய்வா என்று தெரியும். வெற்றிலையை ஒரு கொடுப்புக்குள் ஒதுக்கிவிட்டு, “பத்தாலை பிரி” என்பா. பத்து வயதில் நான் முதலையைக் கையால் பிடித்தேன் என்று சொன்ன நாளில் அவ எனக்குப் போட்ட வாய்ப்பாடு அது. அந்த முதலை, பத்தால் வகுத்துப் பார்த்தபோது உடும்பாகிவிட்டது. பிரிக்கட்டும். நான் பத்தால் பெருக்கிக்கொண்டே இருப்பேன்.

நான் இன்னும் கண்ணால் காணாத உன் மாப்பிள்ளை இரத்தினவேலுக்கு என் ஆசி. கலியாணப் படத்தில் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்குப் பூதக் கண்ணாடி தேவைப்பட்டது. உன் முழங்கைக்குப் பக்கத்தில் நிற்கிறவர்தானே?

கோட்டை கொத்தளங்களோடு,
மாமா வீரக்குட்டி


நெடுமணல்
11 மார்ச் 1985

அன்புள்ள மாமாவுக்கு,

பரிமளம் எழுதுகிறேன். நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் நீங்கள் அதையும் பிரித்துப் பார்ப்பீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று இங்கே திருவிழா. படகுக்கார இக்னேசியஸ் அண்ணை அதைத் தலைக்கு மேலே பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தார். எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள், நான் சத்தமாக வாசித்தேன். மூக்கு விழுந்த இடத்தில் சிரிப்பு அடங்கவே இல்லை. சிரித்து எத்தனை மாதம் என்று யாரோ கேட்டார்கள். அம்மா உடனே பிரித்தா. பனி இரண்டடி. பக்கத்துக் கொட்டிலில் மரியம்மா ரீச்சருக்கும் தம்பியார் கனடாவிலிருந்து எழுதியிருந்தார், அதிலும் இரண்டடி என்றுதான் இருந்தது. அம்மாவின் பெருமையைச் சொல்ல முடியாது. இப்போது இங்கே சின்னப் பிள்ளை கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் “பத்தாலை பிரி” என்கிறார்கள்.

இவரைப் பற்றி நீங்கள் எழுதியது அநியாயம். இவர் சரியாக ஐந்தடி. ஊரில் எங்கள் வாசல் நிலையில் ஆணியால் கோடு கிழித்து நானே அளந்தேன். அந்த வீட்டை எரித்துவிட்டார்கள் என்று கேள்வி.

மாமா, இங்கே தண்ணீர் இல்லை. மணலைத் தோண்டினால் ஊறும். ஆனால் உப்பு. முதலில் கொஞ்சம் உப்பாக இருந்தது. இப்போது அந்தத் தண்ணீரில் சமைத்தால் கறிக்குத் தனியாக உப்புப் போடுவதில்லை. நல்ல தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று இக்னேசியஸ் அண்ணையின் படகு. கிழமைக்கு இரண்டு நாள்தான் கடலில் விடுகிறார்கள். மற்றது ஆமிக் காவலரணைத் தாண்டி ஊர்க் கிணற்றுக்குப் போவது. போன மாதம் கலன்களோடு மூன்று பேர் போனார்கள். கலன்கள் வழியில் கிடந்தன.

பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். இரண்டு குழந்தைகளைப் புதைத்தோம். மணலில் குழி வெட்டுவது சுலபம் என்று நினைப்பீர்கள். வெட்ட வெட்ட நிரம்பும். இவர் கட்டட மேசன் என்பதால் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

முந்திய காலத்தில் இந்த மணலுக்குள் எங்கோ ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்ததாம், வெள்ளைக்காரர்கூட அதில் குடித்தார்களாம், பிறகு மணல் மூடிவிட்டதாம். எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. உங்கள் நூலகத்தில் இல்லாத புத்தகம் இல்லை என்கிறீர்களே, அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பகிடிக்குத்தான் சொல்கிறேன். வெயில் இன்னும் தொடங்கவில்லை, அதற்குள்ளேயே இப்படி.

உங்கள் அன்பு மருமகள்,
பரிமளம்


ஸ்காபரோ
14 மே 1985

வற்றாத ஊற்றுகளின் தலைவி பரிமளத்துக்கு,

எழுந்து நின்று வாசி. அக்காவையும் எழும்பி நிற்கச் சொல். கண்டுபிடித்துவிட்டான் உன் மாமன்!

நீ பகிடிக்குச் சொன்னாய். நான் பகிடியை மட்டும்தான் வாழ்க்கையில் பொறுப்பாக எடுப்பவன். ஆறு கிழமை, வேலை முடிந்த பிறகு, அட்டவணை இழுப்பறைகளை ஒன்றொன்றாக இழுத்தேன். மூன்று கோடி அட்டைகள். என் விரல் ரேகை தேய்ந்து போனதால் இனி எந்தப் பொலிசாலும் என்னைப் பிடிக்க முடியாது. கடைசியில் கிளடிஸ் மூன்றாம் மாடி நூலக அம்மாவிடம் பேசி, பூட்டி வைத்திருக்கும் அறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுப்பித்தாள். கப்டன் பெல்கிறேவ் என்ற இங்கிலீசுத் துரை, 1806ஆம் ஆண்டு நம்முடைய கரை நீளத்துக்கும் கால்நடையாக வந்து கண்டதையெல்லாம் அளந்து எழுதியது. நான் திறந்தபோது உள்ளேயிருந்து அவருடைய தும்மல் வெளியே வந்தது.

இனிக் கேள். துரையும் முப்பது கூலிகளும் நெடுமணலில் இரண்டு நாள் தண்ணீரில்லாமல் கிடந்தார்கள். நாக்கு வீங்கி, ஆளுக்கு ஆள் பனங்காய் அளவு. அப்போது ஒரு மீன்காரக் கிழவன் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். ஒல்லாந்தர் கொடிக்கம்பம் நட்ட அடிக்கல்லில் இருந்து, யானைமலையின் உச்சியை நேரே பார்த்தபடி, அறுநூற்று நாற்பது காலடி. அங்கே கல்லால் கட்டிய கிணறு, மூன்று ஆள் ஆழம். அந்தத் தண்ணீரில் ஒரு மிடறு விழுங்கியதும் துரையின் வழுக்கைத் தலையில் மயிர் முளைத்து, அவர் அதை அங்கேயே சீவி வகிடெடுத்தார். கூலிகளில் இரண்டு பேர் வாலிபராகிக் கலியாணம் பேசப் போய்விட்டார்கள். பத்தாயிரம் ஒட்டகம் ஒரே மூச்சில் குடித்தாலும் ஒரு விரல் குறையாது. தேன் அதற்குப் பக்கத்தில் வந்து நிற்க வெட்கப்படும்.

போ. அடிக்கல்லைத் தேடு. எண்ணு. வெட்டு. கிணற்றுக்குப் பெயர் வைக்கும்போது என் பெயரை மறந்துவிடாதே.

இந்த நீல விமானக் கடிதத் தாளின் அடியில் இன்னும் ஒரு அங்குலம் மிச்சமிருக்கிறது. அதை வீணாக்கக் கூடாது. ஆகவே மாப்பிள்ளைக்கு ஒரு எச்சரிக்கை: துரை மூன்று ஆள் ஆழம் என்பது துரையின் உயரத்து ஆள். உங்கள் கணக்கில் அது நாலரை ஆள். ஏணியோடு போகவும்.

மண்வெட்டி வீரன்,
மாமா


நெடுமணல்
16 ஜூன் 1985

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை. இக்னேசியஸ் அண்ணை நாளை படகு விடும்போது இதைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

அடிக்கல் இருக்கிறது, மாமா! நாங்கள் ஆறு மாதமாக உடுப்புத் தோய்க்கிற கல்தான் அது. இவர் மணலை விலக்கிப் பார்த்தார். நடுவில் கம்பம் நட்ட சதுரத் துளை. ஆட்கள் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

பிறகு யானைமலையைப் பார்த்துக்கொண்டு எண்ணத் தொடங்கினோம். அறுநூற்று நாற்பது என்றால் பெரிய மணற்குன்றுக்கு அந்தப் பக்கம். அது காவலரணுக்கு நேரே தெரிகிற வெளி. அங்கே ஆம்பிளை ஒருவன் நின்றாலே சுடுவார்கள். குன்றின் அடியில் எல்லாரும் நின்றுவிட்டோம்.

அப்போது அம்மா பின்னாலிருந்து சொன்னா: “சொன்னது ஆர்? வீரக்குட்டி எல்லோ. பத்தாலை பிரியுங்கோ.”

மாமா, அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒட்டகத்தையும் பிரித்தோம், துரையின் மயிரையும் பிரித்தோம். இதை மட்டும் பிரிக்காமல் விட்டிருந்தோமே என்று ஒருவரை ஒருவர் தட்டிச் சிரித்தார்கள். திரும்பி வந்து அறுபத்து நாலு எண்ணினோம். அங்கே ஒரு பள்ளம், மணல் ஈரம். நீங்கள் சொன்ன மூன்று ஆள் ஆழத்தைப் பிரித்தால் முழங்கால். இவர் சொல்லச் சொன்னார்: “முழங்கால் ஆழத்துக்கு ஏணி தேவையில்லை எண்டு மாமாவுக்கு எழுதும்.” நாளை மறுநாள் வெட்டத் தொடங்குவோம்.

இன்னொரு செய்தி. அம்மாவுக்கு மட்டும்தான் இதுவரை தெரியும். எனக்கு மூன்று மாதம். அதனால்தான் இந்தத் தண்ணீர் எனக்குக் கொஞ்சம் அவசரம்.

உங்களுக்குக் கோபமில்லையே, பிரித்ததற்கு?

பரிமளம்


ஸ்காபரோ
8 ஜூலை 1985

பரிமளம்,

பிரிக்க வேண்டாம்.

அறுநூற்று நாற்பது என்பது அறுநூற்று நாற்பது. மூன்று ஆள் என்பது மூன்று ஆள், பதினெட்டு அடி. புத்தகத்தில் உள்ளது அதுதான். ஒட்டகமும் மயிரும் நான் போட்டவை. இந்த இரண்டு எண்களும் துரை போட்டவை. புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இதனுள் வைத்திருக்கிறேன், ரீச்சரிடம் கொடுத்து வாசிப்பித்துப் பார்.

அறுபத்து நாலில் வெட்டுவதை இந்தக் கடிதம் கண்டவுடன் நிறுத்து. மணல் நிற்காது என்று நீயே எழுதியிருந்தாய். பலகை வைத்துக் கட்டாமல் ஒருவரும் குழிக்குள் இறங்கக் கூடாது. காவலரணுக்கு முன்னால் போகவும் கூடாது. வேறு வழி யோசிப்போம்.

தந்தியும் அடித்திருக்கிறேன். மணலுக்குத் தந்தி போகாது என்று இங்கே கவுண்டரில் இருந்தவன் சொன்னான். அக்கரைக் கோயில் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

உடனே பதில் போடு. ஒரு வரி போதும்.

மாமா


நெடுமணல்
2 செப்டம்பர் 1985

மாமாவுக்கு,

உங்கள் கடிதமும் தந்தியும் ஒரே நாளில் வந்தன. ஓகஸ்ட் மூன்றாம் திகதி. இவர் ஜூன் பத்தொன்பதாம் திகதி போய்விட்டார்.

எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினெட்டாம் திகதி தொடங்கினார்கள். முழங்கால் ஆழத்தில் ஈரமணல் வந்தது. அம்மா தேங்காய் உடைக்க ஆயத்தமானா. தண்ணீர் வரவில்லை. இடுப்பளவு போனார்கள். ஊறியது, கையில் எடுத்து நக்கிப் பார்த்தால் உப்பு. கல்லையும் காணோம். மற்றவர்கள் போதும் என்றார்கள். இவர் இரவு முழுக்க யோசித்துவிட்டு, தூரத்தை மாமா கூட்டியிருக்கலாம், ஆழத்தைக் கூட்டியிருக்க மாட்டார், அடியில் கல் இருக்கும் என்றார். எங்கள் பிள்ளைக்கு என்று சொல்லவில்லை. ஆனால் போகும்போது என் வயிற்றைப் பார்த்தார்.

மறுநாள் காலை ஒருவராகவே இறங்கினார். இரண்டு பேர் மேலே நின்று கூடை வாங்கினார்கள். அவரின் தலை தெரியாமல் போன பிறகும் நான் பயப்படவில்லை. ஐந்தடி ஆள்தானே, சீக்கிரம் மறைவார் என்று உங்களை மாதிரி நினைத்துச் சிரித்தேன். பிறகு கூடை வாங்கின பொடியன் ஒருவன் பின்னுக்கு விழுந்தான். சத்தம் ஒன்றும் இல்லை, மாமா. சீனிச் சாக்கு ஓட்டையானால் வருகிற சத்தம்தான். குழி இருந்த இடம் மட்டமாகிவிட்டது.

கையால் தோண்டினோம். எடுத்ததெல்லாம் திரும்ப நிரம்பியது. இவரை வெளியே எடுத்தபோது மத்தியானம்.

உங்கள் கடிதத்தை மரியம்மா ரீச்சர் வாசித்துவிட்டு, அந்தப் படத்தையும் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தா. பிறகு, எண்கள் பிரிக்காமலே சரி என்று சொன்னா. அன்று பின்னேரமே பெண்கள் கூடிப் பேசினார்கள். ஆம்பிளைகளைத்தானே சுடுவார்கள் என்றார்கள். இக்னேசியஸ் அண்ணை தன் பழைய தோணியை உடைத்துப் பலகை தந்தார். அடுத்த நாள் நல்ல வெளிச்சத்தில், பெண்கள் என்று தூரத்திலேயே தெரியும்படி, நாற்பத்தொரு பேர் இடுப்பில் குடத்தோடு குன்றைத் தாண்டினோம். நான் எண்ணினேன். அறுநூற்று நாற்பது. காவலரணில் ஒருவன் எழும்பி நின்று பார்த்தான். நாங்கள் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் மண்வெட்டி கல்லில் பட்டது. வட்டமாகக் கட்டிய கல். உள்ளே நிறைந்திருந்த மணலை அள்ளி முடிக்கப் பதினாறு நாள் போனது. மூன்று ஆள் ஆழம். சரியாக.

முதல் குடத்தை என் கையில் தந்தார்கள். குடித்தேன். நல்ல தண்ணீர். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. துரை எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த ஒரு தடவை நீங்களும் பொய் சொல்லவில்லை.

கிணற்றுக்கு இவரின் பெயரைச் சொல்கிறார்கள். “இரத்தினவேலுக்குப் போட்டு வாறன்” என்று குடத்தோடு போகிறார்கள். எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

அம்மா அன்றிலிருந்து எண் சொல்வதில்லை. மணி எத்தனை என்று கேட்டாலும் சொல்வதில்லை. அரிசியை அளப்பதில்லை, கைக்கு வந்ததைப் போடுகிறா.

உங்கள் மேல் கோபமா என்று கேட்காதீர்கள். தெரியாது. உங்கள் பழைய கடிதங்களை வாசிக்கச் சொல்லி ஆட்கள் இன்னும் கேட்கிறார்கள். என்னால் முடியாது. இனி எழுதுவதென்றால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இல்லையென்றால் எழுத வேண்டாம்.

பரிமளம்


ஸ்காபரோ
6 ஒக்ரோபர் 1985

பரிமளம்,

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

எனக்கு அந்த வாய்ப்பாடு தெரியும். அக்கா பிரிப்பா என்று தெரியும். ஜனவரியில் நானே அதை எழுதிச் சிரித்தேன். மே மாதக் கடிதத்தின் அடியில் ஒரு அங்குலம் மிச்சமிருந்தது. “எண்களைப் பிரிக்க வேண்டாம்” என்று எழுத அது போதும். இன்று அளந்து பார்த்தேன், அந்த மூன்று சொல்லுக்கு என் கையெழுத்தில் அரை அங்குலம் போதும். அந்த இடத்தில் நான் மாப்பிள்ளையின் உயரத்தைப் பற்றிப் பகிடி எழுதினேன்.

எண்களை ஒட்டகங்களுக்கு நடுவில் வைத்ததும் நான்தான். தனியாக எழுதியிருக்கலாம். தனியாக எழுதினால் கதை நின்றுவிடும் என்று நினைத்தேன். உங்கள் எழுபத்து மூன்று குடும்பமும் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

போன சனிக்கிழமை இந்தக் கட்டட வாசலில் இருந்து அறுபத்து நாலு காலடி எண்ணி நடந்தேன். கார் நிறுத்தும் இடம்கூட முடியவில்லை. பிறகு அறுநூற்று நாற்பது வரை நடந்தேன். பிளாசாவைத் தாண்டி, பெரிய வீதியையும் தாண்டி, பஸ் தரிப்பிடத்தில் முடிந்தது. அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன். நான் இருக்கும் பதினேழாம் மாடி தெரியவில்லை. நான் இருப்பது ஏழாம் மாடி. அதையும் கூட்டித்தான் எழுதியிருந்தேன்.

அக்காவுக்குச் சொல், பிரித்தது அவவின் பிழை இல்லை. நாற்பது வருடம் நான் சொன்ன எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து அவ கண்டது சரியாகத்தான் இருந்தது.

வீரக்குட்டி


ஸ்காபரோ
14 பெப்ரவரி 1986

பரிமளம்,

பனி நாலு அங்குலம். அடிக்கோலால் அளந்தது.

டிசம்பர் மூன்றாம் திகதி ஆண்பிள்ளை பிறந்ததாக இக்னேசியஸ் எழுதியிருந்தார். ஐந்தே முக்கால் றாத்தல் என்றும், தாயும் பிள்ளையும் சுகம் என்றும் எழுதினார். அவருக்குப் பதில் போட்டேன். நீ பதில் போடத் தேவையில்லை.

வேலை காலை ஆறு முதல் இரண்டு வரை. தரை ஐந்து மாடி. அது உண்மை. கிளடிஸ் நேற்றுக் கேட்டாள், நீ ஏன் இப்போதெல்லாம் பொய் சொல்வதில்லை, எனக்கு வேலை நேரம் நீளமாகிப் போய்விட்டது என்று. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த மாடிக்குப் போனேன். அவளுக்குத் தெரிந்துதான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

துரையின் புத்தகத்தைத் திரும்பவும் பூட்டிவிட்டார்கள். அதற்கு முன் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை வாசித்தேன். துரையோடு வந்தவர்கள் முப்பது பேர் இல்லை, பதினொரு பேர். அவர்களில் நாலு பேர் கிணற்றுக்கு வந்து சேரவில்லை. அதை நான் உனக்கு எழுதவில்லை.

வீரக்குட்டி


ஸ்காபரோ
29 நவம்பர் 1987

பரிமளம்,

இது உனக்கு எழுதும் பதினாலாவது கடிதம். பதில் வரவில்லை என்பதைக் குறையாக எழுதவில்லை, எண்ணிக்கையாக எழுதுகிறேன்.

பனி ஆறு அங்குலம். எனக்கு இங்கே இருக்க அனுமதி வந்துவிட்டது. பத்மநாதன் கலியாணம் முடித்துப் பிக்கரிங்குக்குப் போய்விட்டான். அறையில் நான் ஒருவன். நிறையில் ஒன்பது றாத்தல் குறைந்திருக்கிறேன்.

உங்களை ஊருக்குப் போக விட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இந்தக் கடிதம் எந்த விலாசத்துக்குப் போகும் என்று தெரியவில்லை. ஆகவே இரண்டு பிரதி எழுதி இரண்டுக்கும் போடுகிறேன்.

பிள்ளைக்கு வரும் வியாழக்கிழமை இரண்டு வயது.

வீரக்குட்டி


கல்லடித்துறை
20 நவம்பர் 1988

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. ஒவ்வொன்றும் வரும்போது பனியின் அளவை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன். மூன்று வருடம் நீங்கள் அனுப்பிய பனியைக் கூட்டிப் பார்த்தேன். ஏழடி இரண்டு அங்குலம். ஒன்றையும் பிரிக்கவில்லை.

அம்மா தை மாதம் போய்விட்டா. காய்ச்சல் என்றார்கள். உங்களுக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும். கடைசியில் உங்கள் பெயரைச் சொன்னா. என்ன சொல்ல வந்தாவோ தெரியாது, எண் ஏதும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்து ஒரு வருடமாகிறது. வீட்டுக்குக் கூரை இல்லை. மூன்று சுவர் நிற்கிறது. ஆனால் வாசல் நிலை அப்படியே இருக்கிறது, மாமா. ஒரு பக்கம் கரி. கோடு மற்றப் பக்கத்தில். நான் அதைத் துடைத்துப் பார்க்கவே பயந்துகொண்டிருந்தேன்.

நெடுமணல் கிணற்றுக்கு இப்போது ஒருவரும் போவதில்லை. தேவையில்லை. இந்த வாடைக் காற்றோடு திரும்பவும் மணல் மூடிவிடும் என்று இக்னேசியஸ் அண்ணை சொல்கிறார். மூடட்டும். அடிக்கல்லில் இருந்து எத்தனை காலடி என்று எனக்குத் தெரியும்.

மகனுக்கு வருகிற மாதம் மூன்று வயது. நேற்று இக்னேசியஸ் அண்ணை மீன் கொண்டு வந்து, நிலையில் சாய்ந்து நின்று கதைத்துக்கொண்டிருந்தார். மகன் அந்தக் கோட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டான். அப்பாவின் உயரம் என்றேன். அவன் கோட்டைப் பார்த்தான். பிறகு இக்னேசியஸ் அண்ணையை அண்ணாந்து பார்த்தான். கோடு அவரின் காதுக்குக் கீழே நின்றது.

“அப்பா இக்னேசி மாமாவிலும் கட்டையோ?” என்று கேட்டான்.

அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை, மாமா. எனக்குத் தெரியாமலே வாயில் வந்தது.

“இல்லை ராசா. உது பத்தாலை பிரிச்ச கணக்கு. அப்பா ஐம்பதடி.”

இக்னேசியஸ் அண்ணை வெளியே போய்விட்டார். மகன் நிலைக்குக் கிட்டப் போய், கூரை இல்லாத இடத்தால் மேலே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். நம்பிவிட்டான்.

இனி அவன் மற்றதெல்லாம் கேட்பான். அப்பா என்ன சாப்பிட்டார், எப்படி நடந்தார், கிணறு எப்படி வெட்டினார் என்று. எனக்கு அவ்வளவு வராது. கனடாவில் பனி எத்தனை அடி என்றும் கேட்டிருக்கிறான். அடிக்கோலை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு அவனுக்கு எழுதுங்கள்.

உங்கள் மருமகள்,
பரிமளம்